நாலரைப் பேருக்கு அரிசி

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னது அண்ணியின் முடிவு. படித்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் அவரிடமே முறையிடலாம்.

"கல்யாண வீடு, சாவு வீடு, எங்க போனாலும் வாய் ஓயாம பேசுறது நீங்கதான தம்பி. ரெண்டு பக்கம் எழுத முடியாதா?" என்று கேட்டார்.

பேசுவது வேறு, எழுதுவது வேறு என்றேன்.

"அப்ப பேசுறத நிறுத்துங்க லா."

அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கப் போகிற உறவினர்களும் நண்பர்களும் அண்ணனை நன்றாக அறிந்தவர்கள் என்பதால் பொய் சொல்ல வழியில்லை. அது என் தொழிலுக்கே கொஞ்சம் சிரமமான நிலைமை. நான் காப்புறுதி முகவர்.

அண்ணன் பிறந்தது ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. எங்கள் லயத்து வீடு எங்கே இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் அண்ணன் காரை நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டுவார். அடுத்த முறை வேறு மரத்தைக் காட்டுவார். அப்பா பால் மரம் சீவினார்; அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். நாங்கள் இரண்டே பேர். அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது அப்பா காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு மளிகைச் சாமான் ஏற்றும் லோரிக்குப் போனார். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். யார் படித்திருக்க வேண்டும் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்து இருந்ததில்லை. ஆனாலும் அண்ணன் அதை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

நாற்பது வருடம் அந்த லோரி ஓடியது. முதலில் மூட்டை தூக்கினார், பிறகு ஓட்டினார். மலாக்கா பட்டணத்திலிருந்து உம்பாய், மெர்லிமாவ் வரை எந்தக் கடையில் எந்த வாரம் எத்தனை மூட்டை அரிசி இறங்கும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த வருமானத்தில் அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார், அண்ணியைக் கைப்பிடித்தார், மெர்லிமாவில் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார், ஒரு மகளையும் ஒரு மகனையும் ஆளாக்கினார். தங்கா பத்துவில் தனியாக வாடகைக்கு இருக்கும் கல்யாணமாகாத என்னையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவழைத்துச் சோறு போட்டார். ஞாயிறு என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் புதன், வெள்ளியும் உண்டு.

அண்ணனிடம் இருந்த நல்ல குணங்களை வரிசையாக எழுதினால் இந்த மலர் தாங்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் அவரை நான் அதிகம் கேலி செய்தேன். அது அரிசி சேர்க்கும் குணம்.

அது பிறவிக் குணம் அல்ல. கோவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட அந்த முதல் வாரத்தில் வந்தது. கடைகளில் அலமாரிகள் காலியாகிக் கிடந்தன. அண்ணனுக்குச் சிறப்பு அனுமதிக் கடிதம் கொடுத்து ஒரு நாளைக்கு மூன்று நடை ஓட்டச் சொன்னார்கள். போலீஸ் தடுப்புகளைத் தாண்டி ஊருக்கெல்லாம் அரிசி இறக்கிவிட்டு மூன்றாவது நாள் மாலை வீட்டுக்கு வந்தவர், அண்ணி அரிசிப் பானையைச் சாய்த்து அடியைச் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறார்.

"சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஊருக்கே நீங்கதான ஏத்திக்கிட்டுப் போறீங்க. நம்ம வீட்டுல இருக்கா இல்லையான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார். அன்று எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். மறுநாள் அரிசிக் கணக்கு எழுத அண்ணன் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினார்.

எவ்வளவு சேர்த்து வைப்பது என்று அந்த வீட்டில் நடந்த வாக்குவாதம் ஒரு மாதம் ஓடியது. எங்கோ கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரம் மூன்று நாளுக்குப் போதும் என்றது. நான் இரண்டு வாரம் என்றேன். அண்ணி ஒரு மாதம் என்றார். அண்ணன் ஒரு வருடம் என்றார். ஒரு வருட அரிசியை வைத்தால் நாங்கள் எங்கே படுப்பது என்று மகள் கேட்டாள். கடைசியில் ஆறு மாதத்தில் வந்து நின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தைப் பொங்கல் முடிந்ததும், ஆடி பிறந்ததும், நிரப்புவது.

அளவு டின் கணக்கு. தோட்டத்தில் அம்மா அரிசி அளந்த பழைய பால் டின் ஒன்று, ஒரு பக்கம் நசுங்கியது, அண்ணனிடம் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு அந்த டின்னால் ஒன்று. அதில் தகராறு இல்லை. தகராறு சாடின் மீனில் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு சாடின் டின் என்று ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டு, யாரையும் கேட்காமல் நூற்று எண்பது டின்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அண்ணி பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏங்க, வெள்ளிக்கெழம சாடின் திம்பீங்களா?"

"இல்ல."

"செவ்வா?"

அண்ணன் பேனாவை மூடினார்.

"புரட்டாசி முழுசும் என்னா செய்வீங்க? சஷ்டி ஆறு நாளு? தைப்பூசத்துக்கு முந்தி நீங்க வெரதம் இருக்கிறது எத்தன நாளு?"

"அப்பா, பேசாம பருப்பு வாங்கியிருக்கலாம் லா" என்றாள் மகள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கவலப்படாதீங்கண்ணே. வெள்ளம் வந்தா புரட்டாசி முடிஞ்சுதான் வரும்" என்றேன். பிறகு, "நூத்தி எம்பது நாளைக்கு அரிசி இருக்கு. கேஸ் தோம்பு ஒன்னுதான் இருக்கு. மிச்ச நாளு ஊறவச்சுத் திங்கிறதா?" என்றும் கேட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. மறுநாள் மோட்டாரில் போய் இன்னும் இரண்டு கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார். உங்களில் பலருக்கு அந்த வருடம் தீபாவளி முறுக்கோடு சேர்த்து நான்கு சாடின் டின் வந்திருக்கும். பலர் என்னிடம் காரணம் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

அரிசிக்காகப் பின்னறையில் ஐந்து நீல டிரம்கள் வந்தன. ஒரு டிரம்முக்குப் பத்துக் கிலோப் பை ஐந்து பிடிக்கும். ஆளுக்கொரு டிரம் என்று அண்ணன் ஏற்பாடு செய்தார். தனித்தனியாக வைத்தால்தான் யாருக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியுமாம். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, மூடி எது லேசாகத் திறக்கிறதோ அதிலிருந்து எடுத்தார். ஆனால் கறுப்பு மையில் பெயர்கள் மட்டும் நின்றன. ஒன்றில் அண்ணியின் பெயர். ஒன்றில் மகள், ஒன்றில் மகன். நான்காவதில் 'நான்' என்று எழுதியிருந்தது, அது அண்ணனுடையது.

"அஞ்சாவது யாருக்கு? பேய்க்கா?" என்று கேட்டேன்.

"திருப்பிப் பாரு."

திருப்பினேன். 'தம்பி' என்று எழுதியிருந்தது. அன்று எனக்குச் சட்டென்று எந்த ஜோக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு வந்தது.

நாலு வருடம் அப்படி ஓடியது. டிரம் நிறையும், குறையும், நிறையும். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் இரண்டு நாள் நின்றதைத் தவிர. அன்று அரிசி ஏராளமாக இருந்தது, கழுவத்தான் தண்ணீர் இல்லை. அதையும் நான் விடவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

போன வருடத்துக்கு முந்தின தீபாவளியை ஒட்டி அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. காஸ்ட்ரிக் என்று ஒரு மாதம் மருந்து சாப்பிட்டார். பிறகுதான் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். "இனிமே ஒங்களுக்குப் பிடிச்சதச் சாப்பிடுங்க அங்கிள்" என்றாள். பத்து வருடமாக இனிப்பு கூடாது, உப்பு கூடாது என்று கேட்டுப் பழகிய அண்ணன் காரில் உட்கார்ந்ததும் சிரித்தார். "பாத்தியாடா, எல்லாத்துக்கும் லைசன்ஸ் குடுத்துட்டாங்க" என்றார். நானும் சிரித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து, "மெதுவா ஓட்டு" என்றார்.

தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை டிரம் நிரப்பும் நாள். அண்ணனால் பை தூக்க முடியாது என்பதால் நான் போனேன். மேசையில் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"தம்பி, இந்தத் தடவ எத்தன பேருன்னு எழுதுறது?"

"எப்பவும் போல அஞ்சுதான்."

"ஆறு மாசத்துக்குடா."

புரிந்தது. புரியாத மாதிரி மின்விசிறியைப் பார்த்தேன். சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் நீதான சொல்ற, இத்தன வருஷத்துக்கு எடுங்க, அத்தன வருஷத்துக்கு எடுங்கன்னு. எனக்கும் ஒரு நம்பர் சொல்லேன். சும்மா சொல்லு. அரிசி வீணாப் போகக் கூடாது பாரு, வண்டு விழுந்துரும்."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இருபத்தைந்து வருடமாக முன்பின் தெரியாதவர்களின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து அவர்கள் ஆயுளைப் பற்றிப் பேசி வயிறு வளர்த்தவன் நான். என் சொந்த அண்ணன் ஆறு மாதம் இருப்பாரா என்று அவரே கேட்கும்போது என்னிடம் ஒரு சொல் இல்லை. ஐந்து என்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். அண்ணே, அந்தப் புத்தகத்தை மூடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அழுதிருந்தாலும் மோசமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"நீங்க இப்பல்லாம் கோழிக்குஞ்சு மாதிரிதான கொறிக்கிறீங்க. அரைன்னு போட்டுக்குங்க" என்றேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியாச் சொன்ன லா" என்று பேனாவை எடுத்து, பேர் என்ற கட்டத்தில் நாலரை என்று எழுதினார். சமையலறையில் தண்ணீர் மறுபடி ஓடியது.

பிறகு நான் பைகளைத் தூக்கிக் கொட்டினேன். நான்கு டிரம்களுக்கு ஐந்தைந்து பை, வழக்கம்போல் காய்ந்த மிளகாயும் பிரிஞ்சி இலையும் போட்டு மூடினேன். 'நான்' என்ற டிரம்மில் இரண்டு பை கொட்டி, மூன்றாவது பையைப் பாதி சாய்த்தபோது முக்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன், "போதும், நிறுத்து" என்றார். நிறுத்தினேன். அந்த மீதிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

மூன்று வாரம் கழித்து மெர்லிமாவில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். அண்ணி வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் இல்லை. அண்ணன் பின்னறையில் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கையில் அந்த நசுங்கின டின். தரையில் அரிசி சிந்திக் கிடந்தது.

"எலி புகுந்துருச்சாண்ணே?"

"ஆமாடா. பெரிய எலி."

"பொறி வாங்கிட்டு வரவா?"

"வேணாம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. அண்ணிக்கிட்ட சொல்லாத, பயப்படும்."

நான் துடைப்பம் எடுத்துக் கூட்டினேன். எலிப் பொறியில் எத்தனை வகை என்று அரை மணி நேரம் பேசினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வீட்டிலேயே, கேட்டு வாங்கி இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டு, அண்ணி பாத்திரத்தை வைத்துவிட்டு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். டிரம் நிரப்பி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பின்னறையில் மாதக்கணக்கில் அரிசி, மூன்று கேஸ் தோம்பு, பருப்பு, மிஞ்சின சாடின். ஆறு மாதம் யார் தயவும் இல்லாமல் இருக்க அண்ணன் செய்த அத்தனை ஏற்பாடும் அப்படியே இருந்தது, ஒரு டின் அரிசி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பெரிய பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தார். எதிர் வீட்டுச் சீன அங்கிள், யாரைக் கேட்டாரோ, சைவ மீகூன் ஐம்பது பொட்டலமும் தண்ணீர்ப் பெட்டிகளும் இறக்கினார். உம்பாய் மாமா வீட்டிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. தங்கா பத்துவில் என் அக்கம்பக்கத்தார் கஞ்சி காய்ச்சிக் காரில் மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தார்கள். அண்ணனோடு லோரி ஓட்டியவர்கள் பந்தல், நாற்காலி, பூ எல்லாவற்றையும் எங்களைக் கேட்காமலே செய்தார்கள், அண்ணனைத் தோளில் தூக்கியதும் அவர்கள்தான். பதினாறாம் நாள் வரை எங்களுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பயிற்சிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். உங்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை.

அதன் பிறகு அடுப்பு எரிந்தது, டிரம்கள் குறைந்தன. 'நான்' என்ற டிரம்மை மட்டும் யாரும் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அண்ணி வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு விபூதி பூசிப் பொட்டு வைத்தார். ஆடி பிறக்கும்போது தீர வேண்டிய அரிசி ஆடி முடியும்வரை வந்தது. தன் சிக்கனம் என்றார் அண்ணி. நான் டயட்டில் இருப்பதால் என்றேன். அளவு டின்னைத்தான் எங்கே தேடியும் காணவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அளந்தார்கள்.

போன வாரம் இந்தத் திதிக்கு ஏற்பாடு செய்ய உட்கார்ந்தோம். அண்ணனுடைய பங்கு அப்படியே இருக்கிறதே, அதையே சமைத்து எல்லாருக்கும் போடலாம் என்று மகள் சொன்னாள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. வண்டு விழுந்திருந்தால் வெயிலில் காயவைக்க வேண்டும் என்று அண்ணி வாசலில் பாய்கூட விரித்துவிட்டார். நான் டிரம்மை வெளியே இழுக்கக் குனிந்தேன். முதுகு பிடிக்காமல் இருக்க மூச்சை அடக்கி, காலை அகட்டி, முழுப் பலத்தையும் போட்டு இழுத்தேன். டிரம் என்னோடு பறந்து வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன், டிரம் என் மேல் விழுந்தது.

மூடியைத் திறந்தோம். அடியில் நசுங்கின பால் டின் இருந்தது. நாலைந்து காய்ந்த மிளகாய் இருந்தது. அரிசி இல்லை.

முதலில் சிரித்தது அண்ணிதான். "வெறும் டிரம்முக்கா தம்பி நான் ஒரு வருஷம் பொட்டு வச்சேன்?" என்றார். பிறகு விரித்த பாயில் போய் உட்கார்ந்துகொண்டு முகத்தை மூடிக்கொண்டார். சில மாதங்களுக்கு முன்பே ஒருமுறை, மகன் பின்னறையில் சட்டையை இஸ்திரி போடும்போது கால் இடித்து அந்த டிரம் காலி டிரம் மாதிரி டொங்கென்றது. நாங்கள் நால்வரும் கேட்டோம். பார்த்து நடடா என்று சொன்னதோடு சரி.

நான் எலியைப் பற்றி அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன்.

அரை என்று நான் சொன்னதையும் அண்ணன் அதிகம் என்றுதான் நினைத்திருக்கிறார். பையைத் தூக்க முடியாதவர், எல்லாரும் வெளியே போன நேரங்களில், டின் டின்னாக எடுத்து எங்கள் நால்வர் டிரம்மிலும் போட்டிருக்கிறார். ஒரு டின், கொஞ்சம் மூச்சு வாங்கல், இன்னொரு டின். ஆடி முழுக்க நாங்கள் சிக்கனம் என்றும் டயட் என்றும் பேசிக்கொண்டே சாப்பிட்டது அதைத்தான். எத்தனை பேர் என்று மூன்று தடவை என்னிடம் கேட்டார். நான் நேராகச் சொல்லவில்லை. நாலு என்று அவரே சொல்லிக்கொண்டார். அன்று கையில் துடைப்பத்தோடு நான் அங்கேதான் நின்றேன்; எலிப் பொறி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த டிரம்மை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நிரப்பவும் மனம் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. எழுத்தை அழிக்கலாமா என்று மகன் கேட்டான். இப்போதைக்கு அது பின்னறையில் இருக்கிறது. பொட்டும் இருக்கிறது.

அண்ணனைக் கடைசி வரை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியர், கஞ்சி, மீகூன், தேநீர், தண்ணீர் கொண்டுவந்தவர்கள், தோள் கொடுத்த லோரி நண்பர்கள், வேலையைப் போட்டுவிட்டு வந்து அண்ணியோடு உட்கார்ந்திருந்த பெண்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப் போயிருந்தால் அது என் ஞாபகப் பிசகு. உங்களுக்குத் தெரியும், நான் அப்படித்தான்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் இலையில் உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது சாப்பிட்டு எழுந்திருப்பீர்கள். இன்றைய சமையலுக்கு எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று அண்ணி என்னைத்தான் கேட்டார். கையில் அந்த நசுங்கின டின்னை வைத்துக்கொண்டு கேட்டார்.

இந்தத் தடவை நான் ஜோக் அடிக்கவில்லை. "அளக்காதீங்க அண்ணி. கொட்டுங்க" என்றேன்.

மிஞ்சினால் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். குறைந்தால் என்னைத் திட்டுங்கள், கணக்கு என்னுடையது. அண்ணனுடையதல்ல.